சேற்றில் ஒரு கரண்டிமூக்கு

9 ஜனவரி 2020, வியாழன்

காலை பஸ்ஸில் பர்மாவின் (மியான்மர்) மோல்மேன் நகரிலிருந்து கிளம்பினோம், நானும் தம்பி மகனும், கரண்டிமூக்கு உள்ளான் என்ற சின்னக் கரையோரப் பறவையைத் தேடி. சால்வீன் பாலம், தட்டோன், அப்புறம் சைக்தோ. பொற்பாறை என்ற புத்தத் தலத்துக்குப் போகிற கூட்டமெல்லாம் மலைப்பக்கம் திரும்பியது. நாங்கள் மோட்டார் பைக்கில் கடல் பக்கம் திரும்பி, வயல்களைத் தாண்டி ஒரு மீனவர் கிராமத்துக்கு வந்து சேர்ந்தோம்.

வழிகாட்டிக்கு ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது, "சயாமா (டீச்சரம்மா), முழங்கால் சேற்றில் நடப்பீங்களா?" நடப்பேன் என்றேன். சரி, காலை ஐந்து மணிக்குப் படகு என்றார்.

நாளை பௌர்ணமி என்பதால்தான் இந்த நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். பௌர்ணமியை ஒட்டி இந்த மர்த்தபான் வளைகுடாவில் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏழு மீட்டர் வரைகூட ஏறி இறங்கும். நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. அந்தச் சேற்றை நம்பித்தான் ரஷ்யாவின் வடகிழக்கு மூலையான சுக்கோட்கா வரையிலிருந்து உள்ளான்கள் இங்கே வருகின்றன. 2017-ல் இதை ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவித்தார்கள்.

10 ஜனவரி, வெள்ளி

இன்று திருவாதிரை. வீட்டில் அம்மா களி கிண்டியிருப்பாள். எங்களுக்குப் படகில் மோஹிங்கா, பர்மிய மீன்குழம்பு நூடுல்ஸ்.

இருட்டிலேயே இறங்குகிற நீரோடு போனோம். எட்டு மணிக்கெல்லாம் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. கன்னத்தில் தனகா மரப்பட்டைச் சாந்து பூசிக்கொண்டு, கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். முதல் அடியிலேயே கால் முழங்கால் வரை போனது. குதிகாலை ஊன்றாமல் விரலை முதலில் வைக்கச் சொன்னார் வழிகாட்டி. அதன்பிறகு கொஞ்சம் பழகிவிட்டது.

பறவைக்குப் பஞ்சமில்லை. உப்புக்கொத்திகள், பவளக்காலிகள், வளைந்த மூக்கோடு கோட்டான்கள் (ஆந்தை இல்லை, கரையோரப் பறவை). ஆயிரக்கணக்கில் கொசு உள்ளான்கள். நாங்கள் தேடி வந்த கரண்டிமூக்கு உள்ளான் இந்தக் கொசு உள்ளான் கூட்டத்துக்குள்தான் மேயும். குளிர்காலத்தில் இரண்டுக்கும் மேலே சாம்பல், கீழே வெள்ளை. பக்கவாட்டில் பார்த்தால் அந்தக் கரண்டியே தெரியாது. உலகத்தில் இந்த இனம் ஆயிரத்துக்கும் குறைவு, அதில் பாதியளவு குளிர்காலத்தை இந்த வளைகுடாவில்தான் கழிக்கிறது என்று படித்திருக்கிறேன். ஆனாலும் மூன்று மணி நேரம் தேடியும் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

பிற்பகலில் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் எழும்பியது. நாங்கள் எதையும் பார்க்கவில்லை, கேட்கவில்லை. வழிகாட்டி மட்டும் "படகுக்கு, படகுக்கு" என்று கத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் தெற்கே வெள்ளைக்கோடு மாதிரி ஓத அலை தெரிந்தது. சில நிமிடங்களில் படகு மிதந்தது. நாங்கள் நடந்த காலடித் தடம் அத்தனையும் தண்ணீருக்குள்.

11 ஜனவரி, சனி

பார்த்துவிட்டேன்!

ஒன்பதரை மணி இருக்கும். முக்காலித் தொலைநோக்கியை விட்டு வழிகாட்டி மெதுவாக விலகி, ஒரு வார்த்தையும் பேசாமல் என்னைக் கையால் கூப்பிட்டார். உள்ளே பத்துப் பன்னிரண்டு கொசு உள்ளான்கள் குத்திக் குத்தித் தின்றுகொண்டிருந்தன. அவற்றின் நடுவே ஒன்று குத்தவில்லை. தலையைத் தொங்கப் போட்டு, மூக்கைத் தேங்கிய நீரில் வைத்தபடி, வாசல் பெருக்குகிற மாதிரி இடமும் வலமும் துழாவிக்கொண்டே நடந்தது. அப்புறம் நேராக எங்களைப் பார்த்துத் திரும்பியது. மூக்கு நுனியில் கறுப்பாக, தட்டையாக, சின்ன உப்புக்கரண்டி. அதில் ஒரு பக்கம் சேறு ஒட்டியிருந்தது. சிட்டுக்குருவி அளவுதான் உடம்பு. முட்டையிலிருந்து வரும்போதே குஞ்சுக்கு இந்தக் கரண்டி இருக்குமாம்.

"அத்தை, நகருங்க" என்று தம்பி மகன் இரண்டு தடவை சொன்னான். நகர மனம் வரவில்லை.

நான்கு நிமிடம். அப்புறம் ஒரு பருந்து நிழல், கூட்டம் பறந்துவிட்டது.

படகில் காத்திருக்கும்போது வழிகாட்டி சொன்னார், அவரும் ஒரு காலத்தில் வலை கட்டியவர்தானாம். பெரிய கோட்டான்களுக்காகக் கட்டிய வலையில் பொடிப் பறவைகளும் விழும். "ஒருநாள் ஒன்றின் மூக்கு இப்படி இருந்தது" என்று இரண்டு கட்டைவிரலையும் சேர்த்துக் காட்டினார். "அடிபட்டு நசுங்கிய மூக்கு என்று நினைத்தேன். கறி தேறாது என்று வீசிவிட்டேன்." பிறகு பறவை ஆய்வாளர்கள் வந்து படம் காட்டியபோதுதான் அவருக்கு விளங்கியதாம். வலையை விட்டவர்களுக்கு வேறு தொழிலுக்கு உதவி கிடைத்தது; இவர் மீன்பிடித் தொழிலுக்கும் வழிகாட்டி வேலைக்கும் வந்துவிட்டார்.

நானும் அவரிடம் ஒன்று சொன்னேன். நான் சிறுமியாக இருக்கையில் அப்பா பஜாரிலிருந்து உள்ளான்களைக் காலைக் கட்டிக் கொத்தாக வாங்கி வருவார். இறகு பிடுங்குவது என் வேலை. அம்மா மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைப்பாள். அவற்றின் மூக்கை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவர் தலையசைத்தார், வேறொன்றும் சொல்லவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

வீடு திரும்பினோம். கைலியை மூன்று தண்ணீர் அலசியும் சேறு போகவில்லை.

15 ஜனவரி, புதன்

பொங்கல். பானை பொங்கி, காக்கைக்கு வைத்து, எல்லாம் முடிந்தபிறகு அம்மாவுக்குப் படத்தைக் காட்டினேன். தம்பி மகன் தொலைநோக்கியில் போனை வைத்து எடுத்தது. மங்கல்தான், ஆனால் கரண்டி தெரிகிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

வழியில் இதற்கு நேர்வதைச் சொன்னேன். மஞ்சள் கடலோரத்தில் இவை இறங்கி இளைப்பாறும் சேற்றுவெளியை வளைத்து வளைத்து அணை கட்டிவிட்டார்கள். கொரியாவில் 2006-ல் முடிந்த சேமாங்கும் கடல் சுவர் மட்டும் முப்பத்து மூன்று கிலோமீட்டர். சீனாவில் எஞ்சியதில் ஒரு பகுதி 2019-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதி என்றும் சொன்னேன்.

அம்மா போனைத் திருப்பித் தந்தாள். "இத்தனூண்டு உடம்புல அம்புட்டு தூரமா? எப்ப திரும்பிப் போகும்?"

"சித்திரைக்குள்ள கிளம்பிரும்மா."

"அதுவரைக்கும் யாரும் வலை போடமாட்டாங்கல்ல?" என்று கேட்டாள்.