மோல்மேனில் மழை விட்ட மாலை

மே கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை மியான்மரில் உள்ள எங்கள் மோல்மேனில் மழைதான், ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கும் மேல் கொட்டுகிற ஊர், துணி காயாது, சுவரெல்லாம் பாசி, ஆனாலும் கேமரா பிடிக்கிற எனக்கு இந்த மழையை விடப் பெரிய கொடை இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் வயல் தாள் எரிக்கிற புகையில் தூரத்து மலைகள் மங்கிவிடும். இப்போது ஒரு மழை விட்டால் போதும், பகோடா குன்றிலிருந்து தன்ல்வின் ஆறு, 2005-ல் திறந்த பாலம், எதிரே பீலுத் தீவு எல்லாம் துல்லியமாகத் தெரியும். பாலம் வருவதற்கு முன் எதிர்க்கரையில் இருக்கிற மொத்தமா என்ற ஊருக்குப் போக ஆற்றைப் படகில்தான் தாண்ட வேண்டும் என்று அம்மா சொல்வார்.

அப்புறம் பக்கத்து மாநிலத்து ஊரான பா-அன். சுவேகபின் மலை 700 மீட்டருக்கும் மேல் உயரம், சுற்றிலும் வயல்வெளி. நடவுக்கு முன் வயலில் தண்ணீர் நிற்கும்போது அந்தச் சுண்ணாம்புப்பாறை மலை தலைகீழாக அதில் விழும். வரப்பில் குந்தி, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தி எடுங்கள். போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள், அது பிரதிபலிப்பையே குறைத்துவிடும். வயல்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள், நாற்று அவருக்குச் சோறு.

விடியுமுன் எழுந்து பைக் ஓட்டி வருகிற தம்பி, ஃபிளாஸ்க்கில் அம்மா ஊற்றித் தரும் இஞ்சி டீ, வழியில் சூடாக ஒரு கிண்ணம் மொஹிங்கா என்கிற மீன் குழம்பு நூடுல்ஸ், இவர்கள் யாரும் படத்தில் விழுவதில்லை, இவர்கள் இல்லாமல் ஒரு படமும் இல்லை. அவர்களுக்குத்தான் முதல் நன்றி, கடவுளுக்கும். கரண்ட் இருக்கும்போதே பேட்டரிகளை சார்ஜ் போட்டாயிற்று, ஞாயிறன்று மறுபடி பா-அன் போகிறோம்.