ஐப்பசிக்கு முன்னால் கொல்லையைச் சுத்தம் செய்தோம்

சென்னை ஆதம்பாக்கத்தில் எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. பன்னிரண்டு வீடு. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஐந்தாறு அடி அகலத்தில் கொல்லை. வீட்டுக்கு வேண்டாததெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். ஒரே மழைக்காலத்தில் தெருப்பிள்ளைகள் மூன்று பேருக்கு டெங்கு வந்த பிறகுதான், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக இறங்கிச் சுத்தம் செய்வது என்று கிளம்பினோம்.

முதல் வருடம் அது சரியாக வரவில்லை. ஆட்கள் வந்தார்கள், வேலையும் நடந்தது. மத்தியானத்துக்குள் தெருமுனையில் ஆளுயரக் குவியல்: இலை, உடைந்த டைல்ஸ், பெயின்ட் டப்பா, தென்னை மட்டை, எல்லாம் ஒன்றாக. தினமும் குப்பை எடுக்க வரும் பேட்டரி வண்டியில் இதை எப்படி ஏற்றுவார்கள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. புதன்கிழமை மழை கொட்டியது. குவியலில் பாதி போய் மழைநீர் வடிகாலின் வாயை அடைத்துக்கொண்டது. முழங்கால் தண்ணீரில் நின்று அதை அள்ளியபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுவருடம், துடைப்பத்தைத் தொடுவதற்கு முன்பே எது எங்கே போகும் என்று முடிவு செய்தோம். மூன்று வாரம் முன்னதாக மாநகராட்சியின் 1913 என்ற உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வார்டு அலுவலகத்துக்கும் நேரில் போய்த் தேதியைச் சொன்னோம். இடிபாடுகளைச் சிமென்ட் சாக்கில் தனியாகக் கட்டி வைத்தோம். ட்யூப்லைட், பழைய மருந்து, பெயின்ட் டப்பா ஒரு பெட்டியில். இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் காயலான் கடைக்காரர் ட்ரைசைக்கிளோடு வந்தார். பாதாளச் சாக்கடை மூடியை மட்டும் யாரும் தொடக்கூடாது, காசு கொடுத்து யாரையும் இறக்கவும் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். கையால் மலம் அள்ளும் வேலைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இதைத் தடுக்கிறது என்பது ஒருபுறம், ஒரு உயிரை வைத்து நம் தெரு சுத்தமாக வேண்டாம்.

நான் நினைக்காத இடத்தில்தான் வேலை இழுத்தது. கொல்லையில் கிடப்பது குப்பையா இல்லையா என்று அந்த வீட்டுக்காரர்தான் சொல்ல முடியும். மூன்றாவது வீட்டு ஆயாவின் கொல்லையில் ஒரு ஆட்டுக்கல், குழி நிறையத் தண்ணீர், அதில் நெளியும் புழுக்கள். எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, "முப்பது வருஷம் இதுல மாவாட்டித்தான் இட்லிக் கடை நடத்துனேன் கண்ணு, அது கெடக்கட்டும்" என்றார். இரண்டு முறை போயும் அதே பதில். மூன்றாவது முறை நான் எடுக்கச் சொல்லவில்லை. குழியைத் தேய்த்துக் கழுவி, மண் போட்டு, துளசி நட்டுத் தரட்டுமா என்று கேட்டேன். ஆயாவே தேங்காய் நார் கொண்டுவந்து தேய்த்தார்.

அந்தத் தேய்ப்பு முக்கியம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் உள்சுவரில் முட்டையை ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கவிழ்த்தாலும் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் பிழைத்திருந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். வாளி, டயர், செடித்தொட்டித் தட்டு என்று எல்லாவற்றையும் அன்று தேய்த்தே கழுவினோம். ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டைப் பலர் அன்றுதான் முதன்முதலாக வெளியே இழுத்தார்கள்.

காலை ஆறரைக்குத் தொடங்கி வெயில் ஏறுவதற்குள் ஒன்பது கொல்லைகள் முடிந்தன. மூன்று வீட்டார் கதவைத் திறக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. பலகைகளைக் கையால் தூக்காமல் முதலில் கம்பால் தட்டிப் பார்த்தது நல்லதாயிற்று. ஒன்றின் அடியில் தேள் இருந்தது.

மிஞ்சிய நேரத்தில், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகளைத் திறந்தோம். 2003-இல் சட்டம் கட்டாயமாக்கியபோது கட்டியவை. பலவற்றைப் பிறகு யாரும் தொட்டதே இல்லை. மேல்மணல் சேறாக இறுகிப்போயிருந்தது. அதை வழித்து எடுத்து, கூழாங்கல்லைக் கழுவிப் போட்டு, புது மணல் பரப்பினோம்.

ஐப்பசியில் முதல் பெருமழை இரவில் வந்தது. விடியற்காலை டார்ச்சோடு பின்பக்கம் போனேன். தொட்டியில் தண்ணீர் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் ஆயாவும் விளக்கைப் போட்டுவிட்டுத் துளசியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.