வெள்ளிக்கிழமைச் சொற்கள்

சிங்கப்பூர்த் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பிப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பத்துக்குப் பத்து வாங்கிய பிள்ளை, அடுத்த புதன்கிழமை கட்டுரையில் 'பள்ளி'யைப் 'பல்லி' ஆக்கிவிடும். கவனக்குறைவு என்பார்கள் பெற்றோர். நான் அப்படி நினைப்பதில்லை. வியாழன் இரவு உருப்போட்ட சொல் வெள்ளி காலைவரை தாங்கியது. அதற்குமேல் அதை யாரும் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

மறதியின் வேகத்தை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்கவுஸ் தன்னையே சோதனைக்கு உட்படுத்தி அளந்து 1885இல் எழுதிவிட்டார். எனக்கு அதைவிட உதவியது, 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முன்னால் நின்றார்கள். அவர்கள் கல்லூரி மாணவர்கள், ஒன்பது வயதுப் பிள்ளைகள் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

என் தொடக்கநிலை மூன்று வகுப்பில் இப்போது பாடம் சிறு வெள்ளைப்பலகையோடு தொடங்குகிறது. நேற்றைய சொல் ஒன்று, போன வாரத்தது ஒன்று, போன தவணையிலிருந்து ஒன்று. பிழையா, துடைத்துவிட்டு மறுபடி எழுதலாம். மதிப்பெண் கிடையாது.

கிடையாது என்பதை நம்பவைப்பதுதான் பெரும்பாடு. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் 2019 முதல் தேர்வே இல்லை. 2023க்குள் எல்லா நிலைகளிலும் அரையாண்டுத் தேர்வையும் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பலகையை எடுக்கச் சொன்னதும், "டீச்சர், இது கணக்கில் சேருமா?" என்று ஒரு குரல் வரும். பக்கத்துப் பெண் கையால் மறைத்துக்கொண்டு எழுதுவாள். துணைப்பாட வகுப்பிலும் பயிற்சிப் புத்தகங்களிலும் வளரும் பிள்ளைகள் கேள்வியைக் கண்டால் வேறென்ன செய்வார்கள்? தாயார் ஒருவர், "இது போன தவணைச் சொல் ஆயிற்றே, ஏன் மறுபடி?" என்று வருத்தத்தோடு கேட்டார்.

இன்னொன்று, நம் எழுத்தின் சுமை. 'கொக்கு' என்று சொன்னால் காதில் முதலில் விழுவது ககர ஒலி. கை முதலில் எழுத வேண்டியதோ ஒற்றைக்கொம்பு; பிறகுதான் ககரம், அதன்பின் துணைக்கால். பெரியவர்களுக்கு இது கண்ணில்கூடப் படாது. ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைக்கக்கூடியவை நான்கு அளவில்தான் என்று உளவியலாளர் கோவன் 2001இல் எழுதினார். அதில் பாதி இடத்தை ஓர் எழுத்தே விழுங்கிவிட்டால், சொல்லின் பொருளுக்கும் வாக்கியத்துக்கும் எங்கே போவது? அதனால் புதுச்சொல்லை அன்றே வாக்கியத்தில் அமைக்கச் சொல்வதில்லை. முதலில் பேசிப் பழகுகிறோம், பிறகு எழுத்து, வாக்கியம் வேறொரு நாள். பயிற்சித்தாளின் ஓரத்திலிருந்த பூக்களையும் கரடிகளையும் எடுத்துவிட்டேன். சக ஆசிரியர் ஒருவருக்கு அது வறட்டுத்தாளாகத் தெரிகிறது. தெரியட்டும்.

ஆனால் நினைவிலிருந்து எடு என்றால், எடுக்க ஏதாவது உள்ளே இருக்க வேண்டும் அல்லவா? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன சிங்கப்பூர்வாசிகள் 2.5 விழுக்காட்டினர். பாட்டியோடு தேக்கா சந்தைக்குப் போகும் பிள்ளைக்கு 'முருங்கைக்காய்' உடனே வருகிறது. அந்தச் சொல்லைத் தாளில் மட்டுமே பார்த்த பிள்ளையிடம் எத்தனை முறை கேட்டாலும், நான் சோதிப்பது வெறும் எழுத்துக் கோவையைத்தான். நான் போன பயிலரங்குகளில் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

ஆகவே வாரத்தில் ஒரு பாடவேளை முழுவதும் கதை. பலகை இல்லை, தாள் இல்லை. நான் சொல்வேன், அவர்கள் குறுக்கே புகுந்து கேட்பார்கள், பாதி ஆங்கிலத்தில். துறைத்தலைவர் இதற்குச் சான்று கேட்டால் காட்ட என்னிடம் தாள் எதுவும் இருக்காது. அந்தப் பாடவேளையை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.