ரயிலில் சென்று ஏரிக்கரையில் நடப்பது

ஏரிக்கரைகளில் ஒரு நாள் குழுவாக நடந்து திரும்பத் திட்டமிடும்போது, நான் முதலில் பார்ப்பது மாலையில் திரும்பும் ரயிலின் நேரத்தைத்தான். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் நடையின் தொலைவு தானாகவே முடிவாகிவிடும். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் வகுத்த விதிப்படி, சமதளத்தில் மணிக்கு ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நடக்கலாம். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் மேலும் ஒரு மணி நேரம் சேர்க்க வேண்டும். குழுவின் வேகமோ அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமே என்பதாலும், நீர்ப்பறவை கண்ட இடத்திலெல்லாம் நின்றுவிடுபவர் ஒருவராவது இருப்பார் என்பதாலும் (பெரும்பாலும் அது நான்தான்), மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ரயிலில் செல்வதன் பெரிய வசதி, புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டியதில்லை என்பது; ஒரு நிலையத்தில் இறங்கி, ஏரிகளைக் கடந்து, வேறொரு நிலையத்தில் ஏறிவிடலாம். காரில் வருபவர்களுக்கு இது வாய்க்காது.

மழைக்குப் பின் கரையோரப் பாதை நீரில் மூழ்கியிருக்கக்கூடும் என்பதால், மேட்டுப்பாதை ஒன்றையும் முன்கூட்டியே வரைபடத்தில் குறித்து வைப்பது நல்லது. வழி தெரிந்த ஒருவர் கடைசியாக வரட்டும். முன்னால் செல்பவர் பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் கடைசியாக வருபவர் கண்ணில் படும்வரை காத்திருந்தால், எவரும் வழி தவற மாட்டார்கள்.