கிளுவை வேலிக்குள் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

முனைவர் பட்டத்துக்குக் கொறங்காட்டை எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னபோது, வனத்துறை அனுமதி வாங்கியாயிற்றா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். பெயரில் காடு இருப்பதால் வந்த குழப்பம். கொங்கு நாட்டில் மானாவாரி நிலமெல்லாம் காடுதான். காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் கிளுவை என்ற முட்செடியை நட்டு வளர்த்த வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரமுமாகக் கிடக்கும் இந்த மேய்ச்சல் நிலங்கள் பட்டா நிலங்கள். காங்கயம் மாடும் செம்மறியும் மேய்வதால்தான் அவை இன்னும் அப்படியே இருக்கின்றன. அனுமதி தர வேண்டியவர் நிலத்துக்காரர் மட்டும்தானே, அது சுலபம் என்று நினைத்தேன்.

நிலத்துக்காரர் திருப்பூரில் குடியிருந்தார். இரண்டே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஒரு மீட்டர் நீள அகலத்தில் சதுரம் சதுரமாகக் குச்சி அடித்து, நைலான் கயிறு கட்டி, புல் இனங்களை எண்ணத் தொடங்கினேன். மூன்றாம் வாரம் போய்ப் பார்த்தால், குச்சிகளைப் பிடுங்கிப் படலோரம் அடுக்கி, என் கயிற்றாலேயே கட்டி வைத்திருந்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்ப்பவரின் தாயார் செய்த வேலை.

"குட்டி கால் மாட்டிக்கொள்ளும் அம்மிணி. யாரைக் கேட்டு அடித்தாய்?"

நான் அனுமதி கேட்ட நிலத்துக்காரரின் பெயரைச் சொன்னேன்.

"அவர் பொங்கலுக்குத்தான் வருவார்" என்றார்.

நெறிமுறைக் குழுவுக்கு ஒப்புதல் பற்றி நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் குத்தகைக்காரர் என்ற சொல்லே இல்லை. பட்டாவில் பெயர் உள்ளவர், கூட்டுப் பட்டாவில் பங்குள்ள உடன்பிறந்தவர்கள், குத்தகைக்காரர், வேலங்காய் பொறுக்க வருபவர் என எல்லோரையும் பார்த்துவிட்டு அப்புறம் குச்சி அடியுங்கள்.

என் கேள்வி தாவரவியல் கேள்வியாகத்தான் தொடங்கியது: சில வேலிகளுக்குள் மட்டும் புல் இனங்கள் ஏன் குறைகின்றன? விடை பாகப்பிரிவினைப் பத்திரத்தில் இருந்தது. கொறங்காடு பிழைப்பதே மாற்றி மாற்றி மேய்ப்பதால். ஒரு வேலிக்குள் மேயும்போது அடுத்ததில் புல் தழைக்கும். நான்கு ஏக்கர் சதுர நிலத்துக்குச் சுற்றுவேலி ஏறக்குறைய 510 மீட்டர். அதையே நான்கு அண்ணன் தம்பிகள் சமமாகப் பிரித்துக்கொண்டால் உள்ளே இன்னும் 255 மீட்டர் வேண்டும். கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு, சந்து அடைத்து, வளர்ந்ததைக் கழித்துவிட ஆள் வேண்டும். ஆள் இல்லாதவர் பங்கில் வேலி ஓட்டை விழும். அந்த வழியாக எல்லார் ஆடும் நுழையும். ஓய்வே இல்லாமல் கடிபடும் இடத்தில் கொழுக்கட்டைப் புல் தாங்காது. அடுத்து வருவது வீட்டுமனை பிரித்து நடும் மனைக்கல். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மண் பரிசோதனையைவிட வில்லங்கச் சான்றுதான் அதிகம் உதவியது.

முதல் வரைவில் தாவரவியல் ஓர் அத்தியாயம், சட்டம் ஓர் அத்தியாயம், பொருளாதாரம் ஓர் அத்தியாயம் என்று ரயில் பெட்டி போலக் கோத்திருந்தேன். நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேலியை நடுவில் வைத்து மறுபடி எழுதினேன். எந்தத் துறை எங்கே வர வேண்டும் என்ற கவலை அதன்பிறகு எழவில்லை.

இப்படித் தனியார் நிலம் மனையாகாமல் காப்பது பற்றிய வெளிநாட்டுக் கட்டுரைகளைப் படிக்கும்போது கவனம் தேவை. அமெரிக்காவில் நிலத்தைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, கட்டடம் கட்டும் உரிமையை மட்டும் நிரந்தரமாக விட்டுக்கொடுத்து, வருமான வரிச் சலுகை பெறலாம். வேளாண் வருமானத்துக்கு வருமான வரியே இல்லாத நாட்டில் அந்தச் சலுகையைக் காட்டி யாரை இழுப்பது? நம் சட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 36சி பிரிவின்படி, உரிமையாளர் தாமாக முன்வந்தால் தனியார் நிலத்தையும் வனவுயிரையும் அதன் வாழிடத்தையும் காக்கும் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கலாம். அதற்குப் பிறகு நிலப் பயன்பாட்டை மாற்ற, மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் மாநில அரசின் ஒப்புதலும் வேண்டும். இதை ஒரு திண்ணையில் வாசித்துக் காட்டினேன்.

"பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் விற்க முடியாதா?" என்றார் ஒரு பெரியவர்.

விற்கத் தடையில்லை, மனை போடத்தான் தடை என்றேன்.

"மனை போடாதவன் எதற்கு அம்மிணி வாங்குவான்?"

அந்தக் கேள்வி ஆய்வேட்டில் ஐந்து பக்கம் ஆனது. நல்ல பக்கங்கள் அவைதான்.

இணை நெறியாளரை வேறு துறையிலிருந்து முதல் ஆண்டிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு மாதம் முன்பே ஊருக்குப் போய்விடுங்கள். புல் பூக்கும் நேரம் தவறினால் இனம் பிரிக்க அடுத்த மழை வரை காத்திருக்க வேண்டும். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் 'தரிசு' என்று இருப்பதை அப்படியே அட்டவணையில் ஏற்றாதீர்கள். எழுதியவர் புல்லைப் பயிராகக் கணக்கில் எடுத்திருக்க மாட்டார். சர்வே எண்ணை ஆய்வேட்டில் போடவே போடாதீர்கள். எந்தப் பங்காளி விற்கும் நிலையில் இருக்கிறார் என்பது உங்கள் குறிப்பேட்டில் இருக்கிறது; மனைத் தரகருக்கு அதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது. நான் ஒரு வரைபடத்தில் போட்டுவிட்டு, அச்சுக்குப் போகும் முன் உட்கார்ந்து அழித்தேன்.

வாய்மொழித் தேர்வில் 'இது எந்தத் துறை ஆய்வேடு?' என்று கட்டாயம் கேட்பார்கள். விளக்கம் சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். நான் வேலிப் படத்தை விரித்து, எந்த ஓட்டை எந்த ஆண்டு, யார் பங்கில் விழுந்தது என்று காட்டத் தொடங்கினேன். வெளித் தேர்வாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.