பெயரில்லாத வால்யூமும் மாமாவின் கொலுசுக் கணக்கும்

சேலம் செவ்வாய்பேட்டையில் என் மாமா வெள்ளிக் கொலுசு வியாபாரம் செய்கிறார். எந்தப் பட்டறைக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், கொலுசாகத் திரும்பியது எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்ற கணக்கெல்லாம் கடையின் மாடியில் உள்ள கணினியில், டாக்கர் கன்டெய்னருக்குள் (ஒரு மென்பொருளைத் தனியாக அடைத்து இயக்கும் பெட்டி போன்றது) ஓடும் போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. நான் ஊரில் இல்லாத நாள்களில் அதை மீண்டும் இயக்க அங்கே யாருக்கும் தெரியாததால், கன்டெய்னர்களை உலாவியிலிருந்தே நிர்வகிக்க உதவும் போர்ட்டெய்னர் என்ற மென்பொருளுக்கு மாற்ற முடிவு செய்தேன்.

நிறுவியவுடனே பழைய கன்டெய்னர்கள் அதன் பட்டியலில் தெரிந்தன. ஆனால் அமைப்பு முழுவதையும் ஒரே கோப்பில் வைத்துத் திருத்த வேண்டுமானால், அவற்றை நீக்கிவிட்டு, அந்தக் கோப்பின்படி இயங்கும் தொகுப்பான ஸ்டாக்காக மறுபடி உருவாக்க வேண்டும். ‘நீக்குவது’ என்று சொன்னதுமே மாமா, “அப்புறம் யார்கிட்ட எவ்ளோ வெள்ளி நிக்குதுன்னு நீயா போயிக் கேப்ப, மாப்ள?” என்றார்.

கன்டெய்னரை நீக்கினாலும், தரவுகளை அதற்கு வெளியே சேமித்து வைக்கும் வால்யூம் தங்கிவிடும் என்று அவருக்குத் தைரியம் சொல்லிவிட்டு, அதன் விவரங்களைக் காட்டும் ‘இன்ஸ்பெக்ட்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தபோது எனக்கே தைரியம் போயிற்று. முதலில் தொடங்கியபோது நான் வால்யூமுக்குப் பெயர் வைக்கவில்லை. டாக்கரே 64 எழுத்துகளில் ஒரு பெயரைச் சூட்டியிருந்தது. நீக்கும்போது இத்தகைய பெயரில்லாத வால்யூம்களையும் சேர்த்து அழிக்கும் தெரிவு ஒன்று போர்ட்டெய்னரில் உண்டு.

ஆகவே பட்டறை விடுமுறையான ஞாயிறன்று, போஸ்ட்கிரஸ் தரவுகளை நகலெடுக்கும் ‘பிஜி டம்ப்’ கருவி மூலம் ஒரு நகலைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு, கன்டெய்னரை நிறுத்திய பிறகே தரவுகளை ‘kolusu_tharavu’ என்று நான் பெயரிட்ட வால்யூமுக்கு நகலெடுத்தேன். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் சிக்கும். கன்டெய்னரை உருவாக்கப் பயன்படும் மென்பொருள் பொதியான இமேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் பழைய பதிப்பு எண்ணையே குறித்தேன். முதன்மைப் பதிப்பு மாறினால் போஸ்ட்கிரஸ் பழைய கோப்புகளைத் திறக்க மறுத்துவிடும்.

இவ்வளவு செய்தும், ஸ்டாக்கைத் தொடங்கியபோது கணக்கு வெறுமையாக வந்தது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. ஸ்டாக்கின் பெயரை முன்னொட்டாகச் சேர்த்துப் புதிய வால்யூம் ஒன்று உருவாகியிருந்தது. காலியான இடத்தைக் கண்ட போஸ்ட்கிரஸ், சமர்த்தாகப் புதுத் தரவுத்தளத்தைத் தொடங்கிவிட்டது. கோப்பில் அந்த வால்யூமை ‘எக்ஸ்டர்னல்’, அதாவது ஏற்கெனவே வெளியே இருப்பது, என்று அறிவித்து, முழுப் பெயரையும் கொடுத்த பிறகே பழைய கணக்கு திரும்பியது.

பழைய கன்டெய்னரின் தானியங்கி மறுதொடக்கத்தை அணைத்து, ஒரு வாரம் அப்படியே விட்டுவைத்தேன். மாமாவோ திரையை நம்பாமல், நிலுவை வெள்ளியின் மொத்தக் கிராமைத் தம் சிவப்பு நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் மாடியை விட்டு இறங்கினார்.