பூச்சிக்காளையை வண்டியில் பூட்டிய கதை

இரண்டு வாரம் இரவு இரவாக உட்கார்ந்து வண்ணம் தீட்டிய பொம்மைக் காளை ஜோடியின் படத்தை அப்பாருவிடம், அதாவது தாத்தாவிடம், காட்டினேன். செல்பேசியை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, பூச்சிக்காளையை எவனாவது வண்டியில் பூட்டுவானா?" என்றார். பூச்சிக்காளை என்றால் காயடிக்காத பொலிகாளை.

தீரன் சின்னமலை காலத்துப் படை ஒன்றை மேசைமேல் நிறுத்துவது என் நெடுநாள் வேலை. குதிரைகளும் ஆட்களும் முடிந்து, சாமான் வண்டி மட்டும் பாக்கி. 28 மில்லிமீட்டர் அளவில் எனக்குக் கிடைத்தவை சீமை மாடுகள், திமிலே கிடையாது. எம்-சீல் பிசைந்து திமில் வைத்தேன். காங்கேயம் மாட்டின் கொம்பு வெளியே விரிந்து, பின்னால் வளைந்து, நுனியில் ஒன்றையொன்று நெருங்கி வரும். அதற்குச் செம்புக் கம்பி.

ஆனி மாதத்தில் மொட்டைமாடியில் பிரைமர் என்னும் அடிப்பூச்சை ஸ்பிரே அடித்தது என் முட்டாள்தனம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று திருப்பூர் வரைக்கும் வந்து வாங்குகிறது. பொம்மையைத் தொடும் முன்பே துளிகள் காய்ந்து, மாட்டின் முதுகு உப்புத்தாளாகிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுத் தூரிகையால் பூசினேன். பிறகு சாம்பல் நிறம். கண்ணபுரம் சந்தையில் நான் எடுத்த படத்தைப் பார்த்துத் திமில், கழுத்து, தொடையில் கருப்பு.

படம் எடுப்பது தனிப் பாடு. லென்ஸின் துளையை எஃப் 4 என்று அகலத் திறந்தால், கொம்பு தெளிந்து வால் மங்குகிறது. எஃப் 22க்குப் போனால், துளை சிறுத்து ஒளி விளிம்பில் வளைவதால், எல்லாமே சற்றுக் குழைந்துவிடுகிறது. எஃப் 11, ஐஎஸ்ஓ 100, முக்காலி, இரண்டு நொடி டைமர் என்று நிலைக்கு வந்தேன். விளக்குக்கு முன்னால் வெள்ளைப் பனியன் துணியை இழுத்துக் கட்டினால் வெளிச்சம் மெத்தென்று விழும். இந்த ஊரில் அதற்கா பஞ்சம்? கூடத்தின் மஞ்சள் பல்பை மட்டும் மறக்காமல் அணைக்க வேண்டும். இல்லையென்றால் மயிலை மாடு, அதாவது சாம்பல் நிற மாடு, பழுப்பாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகுதான் அப்பாருவின் அந்தக் கேள்வி. காங்கேயம் கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாதத்தில் மயிலையாக மாறும், காளை முதிர முதிரத் திமிலும் தொடையும் கருக்கும், காயடித்த மாட்டுக்கு அந்தக் கருப்பு வெளுத்துவிடும் என்று பொறுமையாகச் சொன்னார். சந்தையில் நான் படம் பிடித்தது பொலிகாளையை. கம்பீரமாக நின்றதே என்று எடுத்தேன், வேறென்ன.

சாம்பல் வண்ணத்தை நீர்மோர் பதத்துக்குக் கரைத்து, காயவிட்டுக் காயவிட்டு ஆறு முறை ஓட்டினேன். கருப்பு அடங்கியது. திமிலின் கீழ் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன், நிழலுக்காக. மறுபடியும் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"மாடு சரி. மூக்கணாங்கயிறு எங்கே?"

பனியன் நூலில் ஓர் இழையைப் பிரித்து வைத்துக்கொண்டு, கைநடுக்கம் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.